சட்டைப்பைக் கடிதம்

"பாய், உங்களுக்கு உருது படிக்கத் தெரியுமாங்க?"

தையல் மிஷினை நிறுத்திவிட்டு முகம்மது கவுஸ் நிமிர்ந்து பார்த்தார். கடை வாசலில் ஒட்ட வெட்டிய தலையும் குழி விழுந்த கண்களுமாக மாது நின்றிருந்தான். சித்தேரி மலையடிவாரத்துக்காரன், பட்டாளத்தில் இருப்பவன். பங்களாதேஷ் சண்டை முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் லீவு கிடைத்து வந்திருந்தான். போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு மாலை போட்ட கூட்டத்தில் கவுஸும் இருந்தார்.

"தெரியும் தம்பி. உள்ள வந்து உக்காருங்க."

மாது நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். ஓரத்தில் கறுத்த கறை.

"யாரோடது?"

"நான் சுட்டவனோடதுங்க."

நீட்டிய கையைக் கவுஸ் பாதியில் நிறுத்தினார்.

"பாகிஸ்தான்காரங்க சரண்டர் ஆகறதுக்கு ரெண்டு நாள் முந்தி. ஒரு சணல் குடோனுக்குப் பின்னால எதுக்க வந்துட்டான். ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி. நான் முந்திக்கிட்டேன். அவன் சட்டைப்பையில இது இருந்துச்சு."

"சண்டைன்னா அப்படித்தான் தம்பி."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." மாது ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தான். "நாங்க போனது தப்புன்னு சொல்லலீங்க. பார்டர்ல அகதிங்க வந்ததைப் பார்த்தேன். செத்த கொழந்தையக் கீழ வெக்க மனசில்லாம தூக்கிக்கிட்டே நடந்தா ஒருத்தி. இதைக் கேக்க யாராச்சும் போய்த்தான் ஆவணும்னு தோணிச்சு. இன்னிக்கும் அப்படித்தான் தோணுது."

"அப்புறம் என்ன?"

"போனது சரிங்க. இந்த ஆளைச் சுட்டது சரியா? அவன் யாருன்னு தெரிஞ்சா போதும். தூக்கமே வர மாட்டேங்குது பாய்."

கவுஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை வாங்கி மனதுக்குள் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மாதுவின் முகத்தைப் பார்த்தார்.

"அவனே வூட்டுக்கு எழுதி, தபால்ல போடாம வச்சிருக்கான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு ஊரைக் கொளுத்தினேன், ஒரு ஆம்பளையையும் உயிரோட விடலைன்னு பெருமையா எழுதியிருக்கான் தம்பி. படிக்கவே நாக்கு கூசுது. நீங்க செஞ்சது பாவமில்ல. நிம்மதியாப் போய்த் தூங்குங்க."

மாது தலையை ஆட்டினான். காகிதத்தை வாங்கி மடித்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஓசூர்ல ஒரு பாய் இதைப் படிச்சுட்டு, மேலதிகாரி உத்தரவு, கண்ணுல பட்டவனையெல்லாம் சுடச் சொல்லியிருக்குதுன்னாரு. தருமபுரியில ஒருத்தர், இவன் ஏதோ கொலை பண்ணிட்டு பட்டாளத்துல வந்து ஒளிஞ்சவன்னாரு. நீங்க மூணாவது ஆளுங்க."

மாதுவின் குரலில் கோபமே இல்லை. வெகுதூரம் நடந்து வந்தவனின் குரல் அது.

"மூணு பேரும் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் படிச்சீங்க. இப்பக் காகிதத்தைப் பார்த்துப் படிங்க பாய்."

கவுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். காகிதத்தை மறுபடி வாங்கிப் பிரித்தார். மெல்லிய குரலில் படித்தார்:

"'மகனே, இந்தச் சண்டை நியாயமான்னு கேட்டு எழுதியிருந்தே. இந்த அப்பனுக்கு அது சொல்லத் தெரியலப்பா. தெரியற வரைக்கும், எதிர்ல யார் வந்தாலும் நீ முந்திச் சுடாதே.'"