வாபஸ் வாங்கிய புகார்

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

டீச்சர் இப்படிச் சொன்னதும் ஒளிபரப்பு ஒழுங்குக் குழுவே ஆடிப்போய்விட்டது. தலைவர் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது.

பின்னே? காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதெல்லாம் இந்த அம்மாளுக்காகத்தானே?

துணிக்கடையில் தீப்பிடித்தபோது டீச்சர் உடை மாற்றும் அறையில் இருந்தார். உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்த கோலத்தில் வெளியே ஓடிவந்தார். அதை ஒரு கேபிள் சேனல் செய்தியில் போட்டுவிட்டது. முகம் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் பையன்கள் சிரித்த சிரிப்பில் லீவு போட்டவர், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

குழு சும்மா இருக்குமா? விளக்கை அணைத்துவிட்டு, பெரிய திரையில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தது.

"அடப்பாவிகளா!" என்று வாயில் கை வைத்தார் சமூக சேவகி உறுப்பினர். "குடும்பத்தோட உக்காந்து பாக்கற நேரத்துல இப்படியா போடுவாங்க?"

"கொஞ்சம் பின்னால போங்க," என்றார் வக்கீல் உறுப்பினர். "இது சட்டப்படி ஆபாசம்தானான்னு உறுதி பண்ணணும். ஆங்... அங்கதான். நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். காரசாரமாக விவாதித்தார்கள். மறுபடி ஓட்டினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். சேனலை ஒரு வாரம் முடக்குவது என்று ஒருவழியாக முடிவானது. உத்தரவு எழுத வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் டீ வந்துவிட்டது.

அந்த டீ நேரத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது!

"வராண்டாவுல இந்த சேனல் மேனேஜரோட நீங்க பேசிட்டிருந்ததை என் கண்ணால பாத்தேன்," என்றார் சமூக சேவகி. "என்னம்மா, பேரம் படிஞ்சிடுச்சா?"

மூலையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிரட்டினானா? பயப்படாம சொல்லுங்க. உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்," என்று எகிறினார் தலைவர்.

"அவர் ஒண்ணும் மிரட்டல சார். நான்தான் அவர்கிட்ட ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"டிவியில என் முகத்தைத்தான் மறைக்காம விட்டீங்க, உடம்பை மங்கலாக்கித்தானே போட்டீங்க... இங்க எதுக்கு மறைக்காத படத்தைக் குடுத்தீங்கன்னு கேட்டேன்."



"நீங்கதான் கேட்டு வாங்கினீங்களாம். ஒரிஜினலைப் பாக்காம முடிவு சொல்ல முடியாதுன்னீங்களாம்."

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "அதும்மா... விதிமுறை அப்படி. எதையும் முழுசாப் பாக்காம..."

"நீங்க தண்டனை குடுத்தா அவங்க அப்பீலுக்குப் போவாங்களாம் சார். அங்கயும் இதைத்தான் போட்டுப் பாப்பாங்களாம். அதுக்கு மேலயும் ஒரு இடம் இருக்காம்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம் சார். மானம் போச்சேன்னுதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

"அட, உணர்ச்சிவசப்படாதீங்கம்மா," என்று குழைந்தார் தலைவர். "நாங்க எல்லாரும் உங்க பக்கம்தானே?"

டீச்சர் அவருடைய தலைக்கு மேலே பார்த்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

வக்கீல் நிறுத்தச் சொன்ன இடத்திலேயே, பெரிய திரையில், படம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. டீ கொண்டுவந்த ஆள் காலிக் கோப்பைகளை எடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிக்கற நேரத்துலயாவது," என்றார் டீச்சர், "அதை அணைச்சிருக்கலாமே சார்."