பெயர் வெட்டிய தாள்கள்

பொறியாளன் இரண்டு தாள்களை மேசைமேல் விரித்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பந்தயச் சுற்றின் வேகமும் பிரேக்கும் கோடுகளாக ஓடின. பெயர் இருந்த ஓரம் வெட்டப்பட்டிருந்தது.

"அண்ணே, ரெண்டும் நம்ம கார், நம்ம டிராக். அடுத்த சீசனுக்கு எந்தத் தாளை நம்பி சீட் குடுக்கலாம்னு உங்களைக் கேட்கச் சொன்னாரு முதலாளி."

பதினாறு வருஷமாக அந்த அணிக்கு கார் பந்தயம் ஓட்டுகிறவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு வாரமாக யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை, தனக்கு ஜோடியாக ஓட்ட ஆள் எடுக்கத் தன்னிடம்தானே கேட்கிறார்கள்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவன் கில்லாடி. மூணாவது வளைவுல கடைசி நொடி வரைக்கும் பிரேக்கைத் தொடலை பாரு."

"அடுத்தது?"

"பத்து மீட்டர் முன்னாடியே மிதிக்கிறான். பயம் புகுந்துடுச்சுப்பா. பாவம் பார்க்காம வீட்டுக்கு அனுப்பிடுங்க."

பொறியாளன் தலை நிமிரவில்லை. "நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

"இதுல பார்க்க என்ன இருக்கு? பின்னாடி வர்றவன் வந்து மோதுவான். ரெண்டு உயிர் போகும்."

பொறியாளன் சட்டைப் பையிலிருந்து வெட்டிய துண்டுகளை எடுத்து, தாள்களோடு பொருத்தி வைத்தான்.

இரண்டிலும் அவர் பெயர்தான் இருந்தது. தேதிதான் வேறு. முதலாவது, அவர் மகள் பிறப்பதற்கு முந்தின வாரம். இன்னொன்று, நேற்று.