அமலம்மாளின் காது

“அங்க தப்பு. மறுபடி சொல்லுங்க.”

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே அமலம்மாள் சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கணவர் ஹென்றி, பழகிக்கொண்டிருந்த ஆங்கில வாக்கியத்தை மறுபடி சொன்னார். சொல்லும்போதே பிழை தெரிந்தது, திருத்தினார்.

“இப்ப சரி. பொரிக்கவா, சம்பல் வைக்கவா?”

“சம்பல்.”

மறுநாள் காலை பசாரில் மயங்கி விழுந்தவள் வீடு திரும்பவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்த அவள் தங்கை அக்னஸ் கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“திங்கட்கிழமை கொலைக் கேசு. நான் போகல,” என்றார் ஹென்றி. “வேலையையே விட்டுடப் போறேன்.”

“என்ன அத்தான் இது? சாட்சி சொல்றதை உங்களை மாதிரி இங்கிலீசுல சொல்ல பினாங்கு கோர்ட்டுல வேற யாரு இருக்கா?”

“அது என் சாமர்த்தியம் இல்ல லா. முதல் கேசுல என்னாச்சு? சாட்சி பேசி முடிச்சிட்டான், எனக்கு நாக்கே எழும்பல. எல்லாரும் சிரிச்சாங்க. ஜட்ஜ் துரை என்னை வெளிய அனுப்பிட்டார். திரும்பவும் நகல் எழுதத்தான் உக்காந்தேன். அப்புறம் தினம் சாயங்காலம் உங்கக்கா முன்னாடி நின்னு சொல்லிப் பழகினேன். அடுப்பைப் பார்த்துக்கிட்டே தப்பைப் பிடிப்பா. அந்தத் துரைக்குக்கூட அப்படிக் காது கிடையாது. கன்னியர் மடத்துப் படிப்புன்னா சும்மாவா?”

பீடத்தின் முன் நிற்பவரைப்போல அவர் குரல் தழைந்தது.

“அவ இங்கிலீசு பேசி நீங்க கேட்டதுண்டா?”

“என் முன்னாடி பேச வெட்கம் அவளுக்கு. கேட்டா சிரிப்பா. இனி எனக்கு யாரு தப்புச் சொல்வா, அக்னஸ்?”

அக்னஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. நாங்க படிச்சது காரைக்கால் மடம், அத்தான். அங்க பிரெஞ்சுதான். அக்காவுக்கு இங்கிலீசு ஒரு வார்த்தை தெரியாது.”

“அப்போ எப்படி…?”

“பயம் வர்ற இடத்துல உங்க குரல் இறங்குமாம். உடனே தப்புன்னு சொல்லிடுவா. மறுபடி சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் நீங்களேதான் திருத்திக்கிட்டீங்க.”

வழக்கு திங்கட்கிழமைதான். அது மாறவில்லை. ஹென்றி எழுந்துபோய், அடுப்பைப் பார்த்து நின்று ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினார்.