ஓர் ஆணின் கையெழுத்து

தன்னைச் சீரழித்தவன்மேல் புகார் கொடுக்கப் போனவளையே ஒழுக்கக்கேடு என்று சிறையில் அடைத்த வழக்கு, கடல் கடந்தும் பேசப்பட்டது. அயல்நாடுகள் அடுக்கடுக்காகக் கண்டித்தபின், அரசு இறங்கிவந்து விடுதலை ஆணை பிறப்பித்தது.

"எந்திரிம்மா. உலகமே உனக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கு. நீ என்னடான்னா இழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கே!" என்றாள் சிறைக் காவலாளி.

"கூட்டிட்டுப் போக யாரு வந்திருக்காங்கக்கா?"

"எனக்கென்ன தெரியும்? வீட்டு ஆம்பளை ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் பொம்பளையை வெளியே விடணும்னு விதி. அதை மாத்தச் சொல்லி எந்த நாடும் கேக்கலையே!"

கைதிகளின் கதையைக் கேட்பதில்லை என்பதைக் காவலாளி ஒரு நோன்பாகவே காத்துவந்தாள். கேட்டால் உறக்கம் போய்விடும்.

கம்பிக்கதவுக்கு வெளியே, பழுத்த முகத்தோடு ஒரு பெரியவர் நின்றார்.

"நான் சித்தப்பாம்மா. அப்பன் இல்லாத பொண்ணு, நான்தான் வளர்த்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

காவலாளிக்கு மனம் இளகிற்று. "பாரு, உனக்காக அழறாரு. போம்மா, போய் நல்லாயிரு" என்று பூட்டில் சாவியை நுழைத்தாள்.

உள்ளே இருந்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதீங்கக்கா. நான் புகார் கொடுத்ததே இவர் மேலதான்."

ஆணை முறையானது; கையெழுத்தும் முறையானது. காவலாளி சாவிக்கொத்தை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"ஐயா, சாவியைக் காணோம். நாளைக்கு வாங்க."