சமபங்கு

"சட்டம் எல்லாருக்கும் சமம்! காட்டு சனங்களுக்கு மட்டும் வேட்டையாட எதுக்குத் தனி உரிமை?" கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார் வக்கீல்.

"விவாத மேடையிலயும் இப்படியே முழங்குங்க." காலரைச் சரிசெய்த மனைவி சிரிப்பை அடக்கினாள்.

"எதிர்த்துப் பேசப்போறது அந்த வேட்டைக்காரம்மா. என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க!"

வாசல் மணி அடித்தது. தூக்குச்சட்டியோடு அந்த அம்மாளே நின்றிருந்தார்.

"நேத்து அடிச்ச மான். வேட்டைக்கு வந்தவங்க, வராதவங்க, எல்லாருக்கும் சமபங்கு. இது உங்களோடது. சாப்பிட்டுட்டுத் தெம்பா என்னை எதிர்த்துப் பேசுங்க, மாப்பிள்ளை!"

கையிலிருந்த பேச்சுத் தாளின் முதல் வரியில் 'சமம்' என்றிருந்தது. வக்கீல் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மூணு தட்டு எடும்மா," என்றார் மனைவியிடம். "உட்காருங்க அத்தை. சாப்பிட்டுட்டு ஒரே வண்டியில சண்டைக்குப் போவோம்."