பதினேழாவது இடம்

“கடைசி இடமா? நம்ம நீர்நாய்க்குட்டிக்கா?”

ஞாயிறு இணைப்பை அண்ணனின் மேஜைமேல் வீசினாள் பாப்பா. டீ டம்ளர் ஆடி நின்றது.

அவளுக்கு முப்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் மேலாளர். ஆறு வயதில் ஒரு மகள். ஆனாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். அண்ணன் அந்த நாளிதழில் சினிமாப் பக்கம் பார்க்கிறவன். பிரபலமான ஸ்டூடியோ ஒன்று கம்ப்யூட்டரில் எடுத்த பதினேழு குழந்தைப் படங்களைத் தரம் பிரித்து, சிறுவயது நினைவுகளோடு அன்று எழுதியிருந்தான்.

“உட்காரு பாப்பா. தண்ணி குடி.”

“உன் தண்ணியை நீயே குடி. தொடப்பமும் வாளியும் கல்யாணம் பண்ணிக்கிற படத்துக்கு மூணாவது இடம். குடை பாட்டுப் பாடுற படத்துக்கு ஆறாவது. அம்மாவைத் தேடிப் போற குட்டிக்குப் பதினேழா? நெஞ்சுல என்ன வெச்சிருக்கே, கல்லா?”

பக்கத்து மேஜையில் பக்கம் வடிவமைப்பவர் தலையை நீட்டினார். “முதல் இடமும் இவர் போட்டதுதாம்மா. அதுக்கும் சேர்த்துத் திட்டிடுங்க, ஒரே வேலையா முடிஞ்சிடும்.”

“நீங்க சும்மா இருங்க சார். எவ்வளவு திமிரா எழுதியிருக்கான் பாருங்க. ‘முடிவு சரியில்லை.’ ரெண்டே வார்த்தை! டேய் அண்ணா, அந்த முடிவை என்னைப் பார்க்க விட்டியா நீ?”

அண்ணன் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான்.

பாப்பாவுக்கு அப்போது அஞ்சு வயது, அவனுக்குப் பத்து. ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வராத வருஷம் அது. ‘அம்மா வேலையா வெளியூர் போயிருக்கா’ என்றுதான் அப்பா பாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். சித்தி அந்த நீர்நாய்க்குட்டிப் படத்தின் டிவிடியை வாங்கிக் கொடுத்தாள். முதல் நாள் பாப்பா பாதியிலேயே தூங்கிவிட்டாள். அண்ணன் மட்டும் முழுசாகப் பார்த்தான். மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது, அண்ணன் காம்பஸ் முள்ளால் டிவிடியின் ஓரத்தைக் கீறிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது. குட்டி அணைக்கட்டு வரை ஒழுங்காக வரும். அதற்குமேல் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும்.

“நீ பார்த்துட்டே, நான் பார்க்கக்கூடாது. அந்தப் பொறாமை! ஏன்டா கீறினேன்னு அப்பா பெல்ட்டைக் கழட்டி விளாசினார். அப்பவும் வாயைத் திறக்கலை நீ.”

“போட்டுக் கொடுத்தது யாரு?”

“நான்தான். இன்னைக்கா இருந்தாலும் போட்டுக் கொடுப்பேன். அந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்தே. இப்போ ஊரைக் கூட்டி, மோசமான படம்னு வேற எழுதுறே.”

“அது பொய் சொல்ற படம் பாப்பா.”

“ஓ! தொடப்பம் தாலி கட்டுறது மட்டும் சத்தியமாக்கும்?”

வடிவமைப்பவர் சிரிப்பை அடக்க இருமினார். அண்ணன் சிரிக்கவில்லை.

“அது வேற பொய்,” என்றான்.

“இன்னைக்கு என் பொண்ணோட உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்க்கப்போறேன். பார்த்துட்டு உன் ஆசிரியருக்கு எழுதுறேன். சொந்தத் தங்கச்சிகிட்டயே வயித்தெரிச்சல் பட்டவன்கிட்ட குழந்தைப் படத்தைக் கொடுக்காதீங்கன்னு எழுதுறேன்.”

“பாரு,” என்றான் அண்ணன். “இப்போ பார்க்கலாம் நீ.”

இவன் யார் அனுமதி கொடுக்க? அந்தக் கோபம் வீடு வரைக்கும் ஆறவில்லை.

சாயங்காலம் மகளை மடியில் போட்டுக்கொண்டு டிவியில் படத்தை ஓடவிட்டாள். ஒரு கை மகளின் தலையைக் கோதியது. இன்னொரு கை கைபேசியில் ஆசிரியருக்கான கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தது. ‘பொறுப்பில்லாத’, ‘ஈரமில்லாத’ எல்லாம் போட்டாகிவிட்டது.

அணைக்கட்டு வந்தது. பழக்கதோஷத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். படம் நிற்கவில்லை.

அணைக்கட்டிலும் அம்மா இல்லை. குட்டி தன் பொந்துக்கே திரும்பி வந்தது. ‘உங்கம்மா இனிமே வரமாட்டாங்க’ என்று ஆமை சொன்னது, கொக்கு சொன்னது. குட்டி காதில் வாங்கவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. பொந்து வாசலை விட்டு அசையவில்லை. மழையிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

கடைசியில் தண்ணீரைப் பிளந்துகொண்டு அம்மா வந்தது.

“நான்தான் சொன்னேன்ல!” என்று குட்டி கத்தியது. “எழுந்திருக்காம வாசல்லயே இருந்தா அம்மா கண்டிப்பா வந்துடுவாங்க!”

மகள் கைதட்டிக் குதித்தாள். “அம்மா, எவ்வளவு நல்ல படம்! மாமா ஏன் இதைக் கடைசியில போட்டாரு?”

பாப்பா கைபேசியில் அடித்ததை முதல் வரி வரைக்கும் அழித்தாள். பிறகு அண்ணனை அழைத்தாள்.

“என்ன, கடிதம் எழுதி முடிச்சாச்சா?” என்றான் அவன்.



“அண்ணா... அன்னைக்கு அப்பா அடிச்சது ரொம்ப வலிச்சுதா?”