பிரிக்காத செயின்

மன்னார்புரம் கடையில் மேக்னட் டிரில்லை இரும்புத் தகட்டில் ஒட்டிக் காட்டினான் பாஸ்கர்.

"உடும்புப்பிடி மேடம்!"

"கரண்ட் போனா?" என்றாள் ஜோதி.

"காந்தம் விட்டுடும். மிஷின் விழாம இருக்க இந்தச் செயினைக் கட்டணும். யாருங்க கட்டறாங்க? டப்பாவுலயே போட்டு வெச்சிடுவாங்க." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எதுக்கும் சார்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. ஓட்டப்போறது அவருதானே?"

"நான்தாங்க. துவாக்குடி பட்டறையை இப்ப நான்தான் பார்க்கறேன்."

பாஸ்கர் அசடு வழிந்தான். "அப்ப உங்களுக்கு இன்னொரு செயின் சும்மாவே தரேன்."

"வேணாங்க, வீட்ல ஒண்ணு இருக்கு. பாக்கெட்கூட பிரிக்கலை. அவர் உத்திரத்துல துளை போட்டுக்கிட்டிருந்தப்ப கரண்ட் போச்சு. காரியமெல்லாம் முடிஞ்சப்புறம்தான் டப்பாவைத் திறந்து பார்த்தேன்."